.308 வின்செஸ்டரா, .30-06 ஸ்ப்ரிங்ஃபீல்டா? குண்டு ஒரே அளவு, மருந்து நிரப்பும் கூடுதான் வேறு, எதை எடுப்பது?

மூன்றுநதிக்காரன் (பிட்ஸ்பர்க்)

வணக்கம் நண்பர்களே. பென்சில்வேனியாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன வருடம் கிரீன் கார்டு வந்தது. இந்த வசந்தத்தில் மாநிலத்தின் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். அதற்கு முந்தைய இரண்டு சீசனும் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு காட்டுக்குப் போய்ப் பழகியவன்தான். அவர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் துப்பாக்கியைத் தொடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவர் அடித்த மானை இழுத்து வரவும் தோலுரிக்கவும் கறி பிரிக்கவும் உதவினேன். பின்தொடைக் கறியில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் எங்கள் அம்மாவுக்கே பிடித்துப் போனது.

இந்த வருடம் நானே சுட வேண்டும். இங்கேதான் குழப்பம். பெரியவர் தன்னுடைய பழைய வின்செஸ்டர் மாடல் 70 துப்பாக்கியை எனக்குத் தருகிறேன் என்கிறார். வால்நட் கட்டை (தோளில் வைக்கும் மரப்பகுதி), 22 அங்குலக் குழல், .30-06 தோட்டாவுக்கானது. ஸ்கோப்போடு எடை பார்த்தேன், எட்டரை பவுண்டு. இன்னொரு பக்கம் கடையில் புது ருகர் அமெரிக்கன் துப்பாக்கி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், .308, ஸ்கோப் மாட்டினால் ஏழேகால் பவுண்டு வரும்.

இரண்டு தோட்டாவையும் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடிப்பாகம் இரண்டுக்கும் அச்சு அசல் ஒன்று. மேலே இருக்கும் குண்டும் ஒரே விட்டம், .308 அங்குலம். ஆனால் .30-06 கிட்டத்தட்ட ஒரு சுண்டுவிரல் நகம் அளவு உயரமாக நிற்கிறது. அந்தக் கூடுதல் உயரத்துக்குள் இருக்கும் மருந்து எனக்கு உண்மையில் என்ன செய்து தரும்?

நான் வேட்டைக்குப் போகிற இடம் அடர்ந்த காடு, நூறு கஜத்துக்கு மேல் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைவால் மான்தான். ஆனால் கொலராடோவில் இருக்கும் கல்லூரி நண்பன் இரண்டு மூன்று வருடத்தில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு வா என்று கூப்பிடுகிறான். நான் ஐந்தடி ஐந்தங்குலம், ஒல்லி. பெரியவரின் .30-06ஐ ஆறு தடவை சுட்டுப் பார்த்தேன், ஆறாவது தடவை தோள் நன்றாகவே வலித்தது. ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும். என்ன சொல்கிறீர்கள்?

வெயில்காட்டு வேலன் (டெக்சாஸ், சான் அன்டோனியோ பக்கம்)

.308. யோசிக்கவே வேண்டாம்.

கணக்கு சொல்கிறேன், நீங்களே பாருங்கள். கடையில் வாங்கும் சாதாரணத் தோட்டா, 150 கிரெய்ன் (குண்டுக்கும் மருந்துக்குமான எடை அலகு) குண்டு. .308இல் குழல் வாயில் வேகம் வினாடிக்கு சுமார் 2820 அடி, .30-06இல் சுமார் 2910. வித்தியாசம் 90 அடி. 180 கிரெய்னில் 2620க்கு 2700. அதுவும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்த எண்கள். இந்தத் தொண்ணூறு அடியை எந்த மானும் உணராது. 200 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் 300 கஜத்தில் இரண்டு குண்டும் இறங்கும் அளவில் சுமார் ஒரு அங்குலத்துக்குள்தான் வேறுபாடு. மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கும் இடமே எட்டு அங்குல அகலம்.

உங்கள் காட்டில் நூறு கஜம் என்கிறீர்கள். அங்கே இது ஒரு கேள்வியே இல்லை. நான் பதினொரு வருடமாக .308 ஒன்றை மட்டும் வைத்து மானும் காட்டுப்பன்றியும் அடிக்கிறேன். குட்டைக் குழல், குட்டை ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பகுதி), பரணுக்குள் உட்கார்ந்து திருப்ப வசதி. பயிற்சிக்கு விலை குறைந்த தோட்டாவும் .308க்குத்தான் எளிதாகக் கிடைக்கிறது, ராணுவமும் அதே அளவைப் பயன்படுத்துவதால். தோள் வலித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதற்கு யோசனை?

பாறைமலைப் பயணி (கொலராடோ)

வேலன் சொன்ன எண்கள் சரி. முடிவுதான் அவசரம். கொஞ்சம் பொறுமையாகப் பேசலாம், கேட்டவருக்கு இது முதல் துப்பாக்கி, இருபது முப்பது வருடம் கூட வரப்போகிற பொருள்.

முதலில் இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் வித்தியாசம் தானாகப் புரியும். .30-06 என்ற பெயரில் 30 என்பது குழல் அளவு, 06 என்பது 1906ஆம் ஆண்டு. அதற்கு மூன்று வருடம் முன்பு 1903இல் அமெரிக்க ராணுவம் 220 கிரெய்ன் உருண்டை மூக்குக் குண்டோடு ஒரு தோட்டாவை ஏற்றிருந்தது. அதற்குள் ஜெர்மனி கூர்மூக்குக் குண்டுக்கு மாறிவிட்டது, இலேசான குண்டு, அதிக வேகம். அதைப் பார்த்து அமெரிக்கர்களும் 150 கிரெய்ன் கூர்முனைக் குண்டுக்கு மாறி, கூட்டின் கழுத்தைக் கொஞ்சம் குறைத்து 1906இல் கொண்டுவந்ததுதான் இது. இரண்டு உலகப் போரையும் பார்த்த தோட்டா. தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கா போனபோது கொண்டுபோன துப்பாக்கிகளில் ஸ்ப்ரிங்ஃபீல்டும் ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெடிமருந்து நன்றாக முன்னேறியது. அதே வேலையைச் சின்னக் கூட்டில் செய்ய முடியும் என்று ராணுவம் கண்டது. சின்னத் தோட்டா என்றால் எடை குறைவு, இயந்திரத் துப்பாக்கியின் ஆக்‌ஷன் குட்டை, ஒரு வீரன் அதிகத் தோட்டா தூக்கலாம். அந்த ஆராய்ச்சியில் பிறந்ததை வின்செஸ்டர் 1952இல் .308 என்று வேட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நேட்டோ 1954இல் 7.62×51 என்று ஏற்றது. 51 என்பது கூட்டின் நீளம், மில்லிமீட்டரில். .30-06க்கு அதுவே 63. ஆக .308இன் நோக்கமே பழைய ராணுவ .30-06 செய்ததை அப்படியே செய்வது, அதில் அது வெற்றி பெற்றுவிட்டது. ஆனால் .30-06இன் பெரிய கூட்டில் மீதமிருக்கும் இடம் எங்கேயும் போய்விடவில்லை. கனமான குண்டு போடும்போது அது தெரியும்.

எல்க் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சட்டப்படி எல்க்குக்குக் குறைந்தபட்சம் .24 அளவுக் குழல், 85 கிரெய்ன் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். இரண்டு தோட்டாவும் அதை எளிதாகத் தாண்டும். அனுபவக்காரர்கள் எல்க்கிடம் 1500 அடி-பவுண்டாவது போய்ச் சேர வேண்டும் என்பார்கள், 165 கிரெய்ன் குண்டில் இரண்டுமே 300 கஜத்தில் அதைத் தாண்டும். நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: வினாடிக்கு நூறு அடி வேகம் என்பது குண்டு சுமார் 50 கஜம் பறப்பதில் இழக்கிற வேகம். அதாவது .30-06 முந்நூறு கஜத்தில் செய்வதை .308 இருநூற்றைம்பதில் செய்யும். அவ்வளவுதான் இடைவெளி. அந்த 50 கஜத்தை நடந்து கடக்க முடிகிற ஆளுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் நடக்க முடியாது, அது இங்கே அடிக்கடி இருக்கும்.

நான் பயன்படுத்துவது .30-06, 180 கிரெய்ன். ஏழு எல்க் எடுத்திருக்கிறேன். அவற்றில் எதையும் .308ஆல் எடுத்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், அது பொய். ஆனாலும் பெரியவர் தரும் மாடல் 70ஐ விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வேன். இரண்டு சீசன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த துப்பாக்கி, அது எப்படிச் சுடும் என்று தெரிந்த துப்பாக்கி.

ஒரு எச்சரிக்கை. நீள ஆக்‌ஷனில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) பின்னால் இழுக்கும்போது முழுக்க, கடைசி வரை, கல்லில் மோதுகிற மாதிரி இழுக்க வேண்டும். அவசரத்தில் அரை அங்குலம் குறைவாக இழுத்தால் காலிக் கூடு வெளியே போகும், அடுத்த தோட்டா மேலே ஏறாது, போல்ட் வெறும் அறையில் மூடும், விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம்தான் வரும். என் மூன்றாவது சீசனில் பெரிய ஆண் எல்க் ஒன்று நின்று திரும்பிப் பார்க்க, எனக்கு அந்த டிக் கேட்டது. அது போய்விட்டது. குட்டை ஆக்‌ஷன்காரர்கள் சொல்லும் நன்மைகளில் நான் ஒத்துக்கொள்கிற முதல் விஷயம் இதுதான்.

ஊசியிலைக்காடு (ஒன்டாரியோ)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான், இங்கே வந்து 31 வருடம். வடக்கு ஒன்டாரியோவில் மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிற குழு ஒன்றில் நானும் ஒருத்தன்.

கனடாவில் வட எல்லைக் காவலுக்கு கனேடியன் ரேஞ்சர்ஸ் என்று ஒரு படை இருக்கிறது, பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்கள். துருவக்கரடி உலாவுகிற இடத்தில் நிற்கிறவர்கள். அவர்கள் பல பத்தாண்டுகளாகப் பழைய .303 லீ என்ஃபீல்டைத்தான் தூக்கினார்கள். 2018இல் இருந்து அதற்குப் பதிலாகப் புதுத் துப்பாக்கி கொடுக்கத் தொடங்கினார்கள், சி-19 என்று பெயர், டிக்கா நிறுவனத்தின் வடிவமைப்பு, .308. கரடிக்கு முன்னால் நிற்கிறவனுக்கே அது போதும் என்றால் பென்சில்வேனியா மானுக்குப் போதுமா என்று தம்பி யோசிக்க வேண்டாம்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை. நீங்கள் எல்லாரும் கூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், குண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. விலங்கைத் தொடுவது குண்டுதானே. 1946இல் ஜான் நோஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் ஒன்றைச் சுட்டார். அவர் கையில் இருந்தது இந்த இரண்டையும் விடப் பெரிய .300 எச்&எச் மேக்னம். சேறு காய்ந்த உடம்பில் குண்டு பட்டு மேலேயே சிதறிவிட்டது, உள்ளே போகவில்லை. ஊருக்குத் திரும்பி அவர் யோசித்துச் செய்ததுதான் நடுவில் செப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். பலம் குறைந்து அவருக்குத் தவறவில்லை, குண்டு தாங்காமல்தான் தவறியது.

எங்கள் குழுவில் நாலு பேர், இரண்டு பேர் .308, ஒருத்தர் .30-06, நான் .303. தோலுரிக்கும்போது நான் எப்போதும் காயத்தைத் தேடிப் பார்ப்பேன். போன முறை .308காரர் 165 கிரெய்ன் பார்ட்டிஷனால் அடித்த மூஸில் குண்டு ஒரு விலா எலும்பை உடைத்து, இரண்டு நுரையீரலையும் கடந்து, மறுபக்கத் தோலுக்குக் கீழே புளியங்கொட்டை மாதிரி தடவிப் பார்க்கும்படி இருந்தது. எடுத்துக் கழுவிப் பார்த்தால் முன்னால் காளான் மாதிரி விரிந்து பின்னால் முழுசாக இருந்தது. அதைப் பார்த்து எந்தக் கூட்டில் இருந்து வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

தம்பி, எதை வாங்கினாலும் தோட்டாவில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பயிற்சிக்கு மலிவு, விலங்குக்கு நல்லது. ஆனால் காட்டுக்குக் கொண்டுபோகிற தோட்டாவிலேயே கடைசியாகக் குறி சரிபார்க்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் விழாது.

புதுவரவு_77

இடையில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். நான் ஹெச்-1பி விசாவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எனக்கும் ஆசைதான். நாங்கள் துப்பாக்கியே தொடக்கூடாது என்கிறார்களே?

பாறைமலைப் பயணி (கொலராடோ)

@புதுவரவு_77, பொதுவிதி அதுதான். கூட்டரசுச் சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது: அமெரிக்காவில் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருந்தால் முடியும். அதனால் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் பயிற்சி வகுப்பு, அப்புறம் வேட்டை உரிமம், அப்புறம்தான் மற்றது. உரிமம் காலாவதியாகிவிட்டால் விலக்கும் அதோடு போய்விடும், வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருந்தாலே குற்றம். தேதியை விடவே விடாதீர்கள். மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி, நியூ ஜெர்சி மிகக் கண்டிப்பானது. விசா சம்பந்தப்பட்டது என்பதால் பணம் ஆனாலும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மருந்துத் தராசு (கலிஃபோர்னியா)

வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவன் என்பதால் சில விஷயம் சேர்க்கிறேன்.

.30-06 கூட்டில் தண்ணீர் ஊற்றி அளந்தால் சுமார் 68 கிரெய்ன் பிடிக்கும், .308இல் சுமார் 56. நான் 165 கிரெய்ன் குண்டுக்கு .308இல் 44 கிரெய்ன் அளவும் .30-06இல் 56 கிரெய்ன் அளவும் மருந்து போடுகிறேன் (மருந்துக்கு மருந்து இது மாறும், யாரும் இதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம், கையேட்டைப் பார்க்கவும்). அதாவது கால் பங்குக்கு மேல் அதிக மருந்து எரித்து, கிடைப்பது நாலு சதவீதம் அதிக வேகம். மீதி எங்கே போகிறது? உதையாகவும் சத்தமாகவும் குழல் வாய் நெருப்பாகவும் போகிறது. .308 கொஞ்சம் அதிக அழுத்தத்தில் வேலை செய்கிறது, தொழில்துறை உச்சவரம்பு அதற்கு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, .30-06க்கு 60,000. சின்ன அறையில் அதிக அழுத்தம், அதனால்தான் இவ்வளவு நெருங்கி வருகிறது.

இப்போது முக்கியமான இடம். எல்லாரும் .308 உதை குறைவு என்கிறார்கள். ஒரே எடைத் துப்பாக்கியில் அது உண்மை. எட்டு பவுண்டில் என் கணக்குப்படி .308க்கு சுமார் 17 அடி-பவுண்டு, .30-06க்கு சுமார் 21. ஆனால் கேட்டவர் கையில் இருப்பது ஒரே எடை இல்லை! ஏழேகால் பவுண்டு .308ஐயும் எட்டரை பவுண்டு .30-06ஐயும் போட்டுப் பார்த்தேன். முன்னதில் 18.7, பின்னதில் 19.6. கிட்டத்தட்ட சமம். அதோடு இலேசான துப்பாக்கி பின்னால் வரும் வேகம் அதிகம், வினாடிக்கு 12.9 அடி, மற்றது 12.2. தோளில் சுருக்கென்று அடிப்பது இந்த வேகம்தான். ஆகவே உதைக்குப் பயந்து மாடல் 70ஐ விட்டு அந்தப் புது .308ஐ வாங்கினால் நீங்கள் நினைக்கிற ஆறுதல் கிடைக்காது. வாங்குகிற காசுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. எங்கள் மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். கலிஃபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு, சுட்டுப் போட்ட விலங்கின் குடலில் கிடக்கும் ஈயத் துகளைத் தின்று செத்துக்கொண்டிருந்தது, அதற்காக வந்த சட்டம். அதைச் சட்டமாகப் பார்க்காமல் நான் மனதார ஏற்றுக்கொண்டவன். ஈயக்குண்டு பட்ட கறியை எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி வெள்ளைப் பொட்டு பொட்டாகத் தெரியும், அதைத்தான் குழந்தைகளுக்கும் சமைத்துப் போடுகிறோம். செப்பு ஈயத்தை விட இலேசு, அதனால் அதே எடைக்குச் செப்புக்குண்டு நீளமாக இருக்கும், கூட்டுக்குள் மருந்தின் இடத்தைப் பிடிக்கும். .308இல் 180 செப்பு போட்டால் அந்த நெருக்கடி தெரியும், .30-06இல் தெரியாது. ஆனால் செப்பு எடை இழக்காமல் போவதால் கனமான குண்டு தேவையே இல்லை, .308இல் 150 செப்பே எல்க்குக்குப் போதும்.

வெயில்காட்டு வேலன் (டெக்சாஸ்)

தராசு அண்ணா சொன்ன எடைக் கணக்கை நான் யோசிக்கவில்லை. என்னுடையது ஸ்கோப்போடு எட்டு பவுண்டுக்கு மேல், அதனால்தான் எனக்கு மெதுவாகத் தெரிகிறது போல. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டையும் ஒரே எடையில் கொடுத்தால் நான் .308தான் எடுப்பேன்.

மூன்றுநதிக்காரன் (பிட்ஸ்பர்க்)

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று பெரியவரோடு மறுபடி சுடுகளத்துக்குப் போனேன், நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் என் பின்னால் நின்று, நான் பார்க்காதபடி மேகசினில் சில உண்மைத் தோட்டாவும் சில போலித் தோட்டாவும் கலந்து போட்டார். இரண்டாவது முறை விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி முனை ஒரு சாண் கீழே குத்தியது. என் கண்ணே மூடியிருந்தது. சத்தமே வராத இடத்தில் என் உடம்பு உதைக்குத் தயாராகித் தோளை முன்னால் தள்ளியிருக்கிறது. தாளில் என் குண்டுகள் ஏன் எல்லாம் இடது கீழே விழுகின்றன என்று அப்போதுதான் புரிந்தது. இந்த நிலையில் காட்டுக்குப் போயிருந்தால் மானின் வயிற்றில் அடித்திருப்பேன், அதை நினைத்தால் இரவு தூக்கமே வரவில்லை.

இதற்கு என்ன செய்வது? .308 என்றால் இது வராதா?

ஊசியிலைக்காடு (ஒன்டாரியோ)

வரும் தம்பி. எந்தப் பெரிய துப்பாக்கியிலும் வரும். வயிற்றில் அடித்திருப்பேன் என்று நினைத்துத் தூங்காமல் இருந்தீர்கள் பாருங்கள், அந்தப் பயம் இருக்கட்டும், அது விலங்குக்குக் கொடுக்கிற மரியாதை.

ஒன்றைக் கேட்கிறேன். துப்பாக்கியை முழங்கையின் மடிப்பில் வைத்து விசை வரை கை எட்டுகிறதா பார்த்தீர்களா? பெரியவர் உயரமானவரா? கட்டை உங்களுக்கு நீளமாக இருந்தால் தோளின் குழியில் உட்காராது, புஜத்து எலும்பில்தான் உட்காரும், அங்கேதான் வலிக்கும். நான் ஐந்தடி நாலு. என் கட்டையை ஒரு அங்குலம் வெட்டி நல்ல ரப்பர் மெத்தை போட்ட பிறகு இது வேறு துப்பாக்கியோ என்று இருந்தது.

மருந்துத் தராசு (கலிஃபோர்னியா)

அண்ணன் சொன்னது முதல் வேலை. அதோடு .22 ரிம்ஃபயர் (உதை மிகக் குறைந்த சின்னத் தோட்டாத் துப்பாக்கி) ஒன்றைக் கடன் வாங்குங்கள். கோடை முழுக்க .22இல் சுடுங்கள், ஒவ்வொரு முறையும் கடைசியில் பெரியதில் ஐந்து தோட்டா மட்டும். நாற்பது தோட்டா ஒரே நாளில் சுட்டால் சுருங்குவதைத்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். காதில் செருகும் அடைப்பானுக்கு மேல் வெளிக் காதுமூடியும் போடுங்கள், பாதி பயம் சத்தத்தால் வருவது. .30-06இல் 125 கிரெய்ன் குறைந்த உதைத் தோட்டாவும் கடையில் கிடைக்கிறது, ஆரம்பத்துக்கு அது நல்லது. மானுக்கும் போதுமானது, உங்கள் நூறு கஜத்துக்குள்.

இன்னொரு விஷயம், வீட்டில் இரண்டு வகைத் தோட்டாவும் மேசையில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முடிவு எடுத்ததும் மற்றதை வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள். .30-06 தோட்டா .308 அறைக்குள் போகாது, நீளம் விடாது. ஆனால் .308 தோட்டா .30-06 அறைக்குள் தொளதொளவென்று போகும், சில சமயம் வெடித்தும் விடும். கூட்டின் தோள்பட்டை (கழுத்துக்குக் கீழே அது குறுகும் இடம்) இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, கூடு கிழியும், வாயு முகத்தின் பக்கம் வரலாம். குழலில் பொறித்திருக்கும் பெயரையும் தோட்டாவின் அடியில் இருக்கும் முத்திரையையும் ஒத்துப் பார்க்காமல் எதையும் உள்ளே தள்ளாதீர்கள்.

பாறைமலைப் பயணி (கொலராடோ)

இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும்: மேசையில் உட்கார்ந்து சுடுவதோடு நிறுத்தாதீர்கள். மேசையில்தான் உதை அதிகம் தெரியும், உடம்பு முன்னால் சாய்ந்து அடைபட்டிருக்கும். நின்று, மண்டியிட்டு, மரத்தில் சாய்ந்து சுட்டுப் பழகுங்கள். காட்டில் யாரும் நமக்கு மேசை போட்டு வைத்திருக்கப் போவதில்லை. எல்க்குக்கு வரும்போது சொல்லுங்கள், ஒன்பதாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே சுடுவதற்குத் தனியாகப் பழக வேண்டும்.

மூன்றுநதிக்காரன் (பிட்ஸ்பர்க்)

முடிவு எடுத்துவிட்டேன், பெரியவரின் .30-06தான். எடைக் கணக்கைப் பார்த்த பிறகு .308க்குப் புதுக் காசு போட மனம் வரவில்லை. கட்டை அளவை அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அவர் ஆறடி இரண்டங்குலம், அவருக்காகவே செய்தது, வெட்டச் சொல்லி எப்படிக் கேட்பது என்று இருந்தது. அவர் உள்ளே போய் பென்சிலும் டேப்பும் எடுத்து வந்து, என் முழங்கையை மடக்கி அளந்து, கட்டையில் தானே கோடு போட்டுவிட்டார். முக்கால் அங்குலம் போகிறது. வெட்டிய துண்டைத் தனக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

மேசையில் இருந்த .308 தோட்டாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். .22 ஒன்று பெரியவரின் மகன் வீட்டில் கிடக்கிறதாம், சனிக்கிழமை கொண்டு வருகிறார். சீசன் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது. ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் வாங்கிவிட்டேன். 150 கிரெய்னில் அந்த 22 அங்குலக் குழலுக்கு எந்தத் தோட்டா ஒரே இடத்தில் நன்றாகக் கூடி விழுகிறது என்று பார்த்துவிட்டுத் தாளின் படத்தோடு வருகிறேன்.